மணலுக்கும் தாருக்கும் ஏற்ற ரயர்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மன்னார்த் தீவிலே மோட்டார் சைக்கிள் ஓட்டுபவனுக்கு ஒரே நாளில் இரண்டு நிலங்கள் எதிர்ப்படுகின்றன. தலைமன்னாரிலிருந்து பட்டினம் வரையும், அப்பாலே பாலங் கடந்து மதவாச்சி வரையும் செப்பனிட்ட தார் வீதி. வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்பினாலோ பனங்கூடலும் உடைமுள்ளும் கணுக்கால் புதையும் மணலும். இவ்விரண்டிலும் ஓடத்தக்க வண்டிகளை எம் இளைஞர் பலர் விரும்புகின்றனர். விரும்பட்டும். ஆனால் அவ்வண்டிக்கு எந்த ரயர் பூட்டுவதென்பதைச் சற்றே ஆராய்வோம்.

முதலில் எம் பிழையைச் சொல்லிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் வண்டிக்குப் பெரும் பற்களையுடைய ரயர்களைப் பூட்டினோம். தேவைக்காக அன்று, பார்வைக்கு மிடுக்காயிருந்தமையால். ஒரு மார்கழி மழையில் அன்னையாரைப் பின்னே ஏற்றிக்கொண்டு பட்டினத்துக்கு வரும்போது கழுதையொன்று வீதியின் குறுக்கே வந்தது. பிறேக்கை அழுத்தினோம், வண்டி நிற்கவில்லை, சறுக்கியது. எமக்குச் சிராய்ப்பு மாத்திரம். அன்னையாரின் மணிக்கட்டு முறிந்தது. இன்றும் அவர் அந்தக் கையால் குடம் தூக்குவதில்லை.

காரணம் யாது? பற்கள் பெரிதாகவும் இடைவிட்டும் இருக்கும் ரயர் மணலையும் சேற்றையும் கடித்துக்கொண்டு முன்செல்லும். ஈரத் தாரிலோ நிலத்தைத் தொடும் றப்பர் குறைவு. பற்களும் வளைந்து அசையும். தாரிலேயே ஓடினால் விரைவில் தேய்ந்தும் விடும். நெருங்கிய பல்லுள்ள ரயர் இதற்கு மறுதலை: தாரைப் பற்றும், ஆழ்மணலில் திணறும்.

ஆகவே, ஒரு மாதம் ஓடிய தூரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பங்கு தாரானால் நெருங்கிய பல்லே தக்கது. பாதிக்குப் பாதியானால் நடுத்தரமானது. நாடோறும் மணல் வழியே வாடிக்குப் போய் வருபவருக்கே பெரும்பல் பொருந்தும்.

மணலுக்கு இன்னோர் உபாயமும் உண்டு. 28 இறாத்தல் காற்றை, வண்டிக்கேற்ப, 20 வரை குறைத்தால் ரயர் பரந்து மணலின்மேல் மிதந்து செல்லும். தாருக்கு மீண்டதும் மறவாது நிரப்புதல் வேண்டும்; அன்றேல் ரயர் சூடேறிக் கெடும், குழியில் விழுந்தால் ரியூப் நசுங்கிக் கிழியும். ஆதலால் காற்றுப் பம்பும் மேலதிக ரியூப்பும் கூடவே இருக்கட்டும். உடைமுள் எவர் முகமும் பாராது!

வாங்கும்போது ரயரின் பக்கச் சுவரைப் படியுங்கள். அங்கே செய்த காலத்தைக் காட்டும் நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. 2324 எனின் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நெடுநாள் கிடந்த சரக்கு புதிதுபோல் மினுங்கினாலும் அதன் றப்பர் இறுகியிருக்கும். பாரச் சுட்டெண் 54 எனின் அந்த ரயர் 212 கிலோ வரை தாங்கும். ஆளும் மூட்டையும் ஏற்றுவோர் இதைக் கவனித்தல் நன்று.

காற்றடைத்த ரயருக்கு 1888இல் உரிமம் பெற்ற ஜோன் டன்லொப், அதனை முதலிற் செய்தது தம் சிறு மகனின் மூன்றுசில்லு வண்டிக்காகவே. பிள்ளை அதிர்வின்றிச் செல்லட்டும் என்ற அன்பிலே பிறந்த பொருள் அது. இளைஞர்களே, ரயர் தெரியும்போது வீதியில் உங்களைப் பார்ப்பவரை நினையாதீர்கள். பின்னே இருப்பவரை நினையுங்கள். பெரியோர்களே, பிள்ளைக்கு வண்டி வாங்கப் பணம் கொடுக்கும்போது நல்ல ரயருக்கும் சேர்த்தே கொடுங்கள்.