வெயிலை இரவுக்குச் சேர்த்து வைப்போம்



ஊருக்குத் திரும்பி வந்துவிட்டீர்கள். ஆனால் மின்சாரம் உங்கள் வளவுக்கு வந்து சேரக் கொஞ்சக் காலம் எடுக்கலாம். ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள் நீங்கள். உங்களுக்குச் சிக்கனம் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு சிறிய சோலார் தகட்டிலிருந்து எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கை மட்டும் சொல்கிறேன்.

5 வாட் தகடு நல்ல வெயிலில் 4 மணித்தியாலம் இருந்தால் 20 வாட்-மணி மின்சாரம் தரும். பற்றரியில் ஏறி இறங்குவதில் ஒரு பங்கு வீணாகும். கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 13 என்று வையுங்கள். 1 வாட் எல்.ஈ.டி. விளக்கு 5 மணித்தியாலம் எரிய 5 போகும். பட்டன் போன் ஒருமுறை சார்ஜ் ஏற 5 போகும். அரை வாட் ரேடியோ 4 மணித்தியாலம் பாட 2 போகும். மொத்தம் 12. இதற்கு மேல் எதையும் கொழுவினால் பிள்ளை படிக்கும் நேரத்தில் விளக்கு நின்றுவிடும்.

மாரி காலத்தில் மேகம் மூடினால் இதில் பாதியும் கிடைக்காது. அந்த நாட்களில் ரேடியோவை நிறுத்துங்கள். இரவில் பாம்பு கடித்தாலும் பிரசவ வலி வந்தாலும் ஆளைக் கூப்பிட போனில் சார்ஜ் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவை.

தகட்டைத் தெற்குப் பார்க்கச் சற்றுச் சரித்துப் பூட்டுங்கள். ஒரு பனையோலையின் நிழல் விழுந்தாலே மின்சாரம் வெகுவாகக் குறையும். கூரைத் தகரத்தோடு ஒட்டி வைக்காமல் காற்றுப் போக நான்கு விரல் இடைவெளி விடுங்கள். சூடு ஏறினாலும் மின்சாரம் குறையும். காலையில், தகடு சூடாகுமுன், ஈரத்துணியால் தூசியைத் துடையுங்கள். விளக்கு மங்கினால் உடனே அணையுங்கள். பற்றரியை முற்றாக வடிய விட்டால் அதன் ஆயுள் குறையும். பழுதான பற்றரியை நெருப்பிலோ கிணற்றிலோ போட வேண்டாம்.

முக்கியமாக ஒன்று. தகட்டுக்குக் கம்பு வெட்டவோ, நல்ல வெயில் தேடியோ, கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக அறிவிக்கப்படாத காணிக்குள் ஓர் அடியும் வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். உங்கள் முற்றத்தில் விழும் வெயிலே இந்தத் தகட்டுக்குப் போதும்.