கொல்லைப்புறத்து விருந்தாளிகள்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"கூட்டத்தில் ஒரு கால் மணி நேரம் பேசுங்க" என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டார். "எதைப் பத்தி?" என்றேன். "உங்க பேங்க் அனுபவத்தைப் பத்தி" என்றார். முப்பத்துநாலு வருஷம் காசாளர் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த அனுபவத்தைச் சொல்ல ஆரம்பித்தால், மதியச் சாப்பாடு வருவதற்குள் நீங்களெல்லாம் தூங்கிவிடுவீர்கள். அதனால், "கூண்டுக்கு வெளியே இருக்கிறவங்களைப் பத்திப் பேசறேனே" என்று கேட்டுக்கொண்டேன். பெரிய மனது பண்ணிச் சம்மதித்தார்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வணிகவியல் மாணவி. விலங்கியல் ஆய்வகத்தின் வாசற்படியைக்கூட மிதித்தவள் இல்லை. ஆகவே இதை ஒரு நிபுணரின் சொற்பொழிவு என்று நினைத்துவிடாதீர்கள். ஓய்வு பெற்ற பிறகு, திருச்சி உறையூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக் கொல்லையில், ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்ததும் படமெடுத்ததும்தான் இன்றைக்கு நான் சொல்லப்போவது. கொல்லை என்றால் தோப்பு என்று எண்ண வேண்டாம். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு வாழை, ஒரு செம்பருத்தி, துணி உலர்த்தும் கொடி, துவைக்கிற கல். அவ்வளவுதான்.

இந்த இடத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். விடியும் முன்பே குண்டுகரிச்சான் வந்து கொடிக்கம்பத்தில் உட்கார்ந்து கச்சேரியை ஆரம்பித்துவிடும். வெயில் ஏறியதும் முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு. பத்து கிராம்கூடத் தேறாத உடம்பு அதற்கு. கறிவேப்பிலை பழுக்கும் காலத்தில் குயில் வரும். கூவுவது கருப்பாக இருக்கிற ஆண் குயில்தான். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பெண் குயிலைப் பார்த்துவிட்டு, "இது என்ன பருந்தா?" என்று கேட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. தவிட்டுக்குருவிகள் எப்போதும் கூட்டமாகத்தான் வரும். தரையில் சருகைப் புரட்டும்போது ஒன்று மட்டும் மேலே உட்கார்ந்து காவல் காக்கும். ஒரு ஜோடியின் குஞ்சுக்குக் கூட்டத்தில் உள்ள மற்றவையும் இரை கொண்டுவந்து ஊட்டும். கூட்டுக் குடும்பம் போய்விட்டது என்று நாம் வருத்தப்படுகிறோம். அவர்கள் வீட்டில் அது இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஐப்பசி வாக்கில் வரும் ஒரு விருந்தாளியை அவசியம் சொல்ல வேண்டும். ஆறுமணிக் குருவி என்று பெயர். காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் வந்த பெயர் அது. மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று அத்தனை வர்ணமும் அந்த ஒரே உடம்பில் இருக்கும். அவ்வளவு தூரம் பறந்து களைத்து, சில சமயம் வீட்டு வராந்தாவிலேயே விழுந்து கிடக்கும். அப்படிக் கண்டால் பயந்துவிடாதீர்கள். பூனைக்கும் காக்கைக்கும் எட்டாமல், காற்றோட்டமுள்ள ஓர் அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, தெளிந்ததும் செடி மறைவில் விட்டுவிட்டால் போதும். கொல்லையில் சருகைக் கூட்டித் தீ வைக்காமல் ஒரு மூலையில் விட்டுவையுங்கள். அதன் சாப்பாடே அந்தச் சருகுக்கு அடியில் இருக்கும் புழு பூச்சிதான்.

சரி, இவர்களைக் கிட்டத்தில் பார்ப்பது எப்படி? இதற்கு நான் கண்ட ஒரே வழி: நாம் பறவையைத் தேடிப் போகக் கூடாது, அது தானாக நம்மிடம் வரும்படி செய்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

வரவழைக்கத் தண்ணீரைப் போலச் சிறந்தது வேறில்லை. அகலமான மண் தட்டு ஒன்று, ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குல ஆழம், நடுவில் ஒரு கூழாங்கல். செடியிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள். பறவை ஆபத்தென்றால் செடிக்குள் பாயலாம். பூனை ஒளிந்திருந்து பாய முடியாது. தினமும் தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்ற வேண்டும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். தினமும் தேய்த்து ஊற்றினால் அதற்கு வழியே இல்லை. கழுவாவிட்டால் கொசுவோடு தொல்லை முடிந்துவிடாது. பிரிட்டனில் 2005 முதல் ஓர் ஒட்டுண்ணி நோய் பச்சை ஃபிஞ்ச் என்ற தோட்டக் குருவிகளைத் தாக்கியது. பறவைகள் கூடித் தின்னும், குடிக்கும் தட்டுகள் அது பரவ வழியாயின. எங்கும் கண்ட அந்தக் குருவி, 2021இல் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. நாம் அன்போடு வைக்கிற தட்டே எமனாகலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கேமராவுக்கு வருவோம். நம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். கழுவி வருகிற வரைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது தம்பி தங்கைகளின் கைபேசியிலேயே ஆயிரம் படம் எடுக்கலாம். அதனால் விலையுயர்ந்த கருவி இல்லையே என்று யாரும் ஏங்க வேண்டாம். தட்டிலிருந்து இரண்டு அடியில் ஒரு முக்காலியில் கைபேசியைப் பொருத்திவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து புளூடூத் பொத்தானை அழுத்தினால் குளிக்கிற சின்னானின் முகத்தில் தெறிக்கும் துளிகூடப் படத்தில் விழும். கொஞ்சம் செலவழிக்க முடிந்தவர்கள் நீண்ட ஜூம் உள்ள கேமரா ஒன்று வாங்கலாம்.

வீட்டு ஜன்னலே நல்ல மறைவிடம். உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, கருந்துணித் திரையில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஒரு சந்து விட்டால் போதும். தட்டுக்கு மூன்றடி தள்ளி ஒரு காய்ந்த குச்சியை நட்டுவையுங்கள். பெரும்பாலான பறவைகள் முதலில் அதில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். அந்த இரண்டு விநாடிதான் நமக்கு. பறவையின் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள்; கண் மங்கினால் மற்றதெல்லாம் தெளிவாக இருந்தும் படம் செத்துவிடும். பறவை இருக்கும் உயரத்துக்கு நாமும் இறங்கி உட்கார வேண்டும். காலை வெயில் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். வெளுத்த வானத்தைப் பின்னணியாக வைத்தால் பறவை கரிக்கட்டையாகத்தான் தெரியும். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு விநாடியில் 250இல் ஒரு பங்கு போதும். படபடக்கும் தேன்சிட்டுக்கு 1000இல், 2000இல் ஒரு பங்கு வேண்டும். இதையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். உட்கார்ந்திருக்கத்தான் வருஷக் கணக்கில் பழக வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பெரியவரை நினைவுகூர ஆசைப்படுகிறேன். மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தவர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைப் பொருத்தித் தாமே உருவாக்கிக்கொண்ட கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். காட்டு யானைகளைக் கருப்பு வெள்ளையில் படமெடுத்த அதே மனிதர், ஊருக்குள் இருக்கும் காக்கையையும் அணிலையும் பற்றி அதே அக்கறையோடு எழுதினார். 1950இல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் தொடங்கிய பத்தியைக் கடைசி வரை விடவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். இதைச் சொல்லத்தான் இன்று மேடையேறினேன்.

மூன்று வருஷத்துக்கு முன், எங்கள் தெருவில் ஒரு வீட்டு வராந்தாவில், தொங்கும் செடித் தொட்டியின் கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டியது. நார், சிலந்தி நூல், மரப்பட்டைத் துணுக்கு எல்லாம் சேர்த்துப் பெண் சிட்டு கட்டிய தொங்கும் பை. இரண்டு குஞ்சுகள். பத்து நாளாக வீட்டுக்காரர்கள் அந்தக் கதவைத் திறக்காமல் பக்கத்து வழியாகப் போய்வந்தார்கள். அப்போது ஒருவர் வந்தார். நல்ல கேமரா, நல்ல பேச்சு. "பத்து நிமிஷம்தாங்க" என்றார். கூட்டின் வாசலை மறைத்த கொடியின் இலைகளைக் கத்தரியால் வெட்டி ஒதுக்கினார். ஒரு மணி நேரம் நின்றார். தாய்ச்சிட்டு வாயில் பூச்சியோடு எதிர் மரத்தில் கத்திக்கொண்டே இருந்தது, கூட்டுக்குப் போகவில்லை. அவர் படத்தோடு கிளம்பிப் போனார். மறுநாள் காலை பத்து மணிக்குள் காக்கை கூட்டைக் கிழித்துவிட்டது. அந்த வீட்டுப் பாப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. படம் ரொம்ப அழகாக வந்திருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

காக்கையைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கும் குஞ்சு இருக்கிறது. மறைப்பு போனது, வெயில் நேரே அடித்தது, மனிதர் கூடி நின்றது, தாய் கத்தியது. இத்தனையும் காக்கைக்கு வழிகாட்டும் பலகைகள்.

நம் நாட்டுச் சட்டமே இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்தில், பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்பதில்லை. பல புகைப்படப் போட்டிகளும் கூட்டுப் படங்களை இப்போது ஏற்பதில்லை.

ஆகவே தம்பி தங்கைகளே, நாலே நாலு கட்டுப்பாடு. கூடு தெரிந்தால் கேமராவை உறையில் போட்டுவிட்டு விலகி வாருங்கள். ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். இரவில் ஆந்தையின் கண்ணில் ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். பறவை உங்களைப் பார்த்துக் கத்தினாலோ, இரையை வாயில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றாலோ, "கொஞ்சம் எழுந்து போங்க" என்கிறது என்று அர்த்தம். எழுந்து போய்விடுங்கள். படம் எடுக்க நமக்கு இப்போது காசு செலவில்லை. ஆனால் அது வெயிலில் பறந்து தேடும் ஒவ்வொரு பூச்சிக்கும் அதற்குச் செலவு இருக்கிறது.

எடுத்த படத்தை என்ன செய்வது? வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு அனுப்புவதோடு நிறுத்திவிட வேண்டாம். எண்ணிப் பழகிய கை அல்லவா, நான் தினமும் எண்ணி எழுதுகிறேன். தேதி, நேரம், என்ன பறவை, எத்தனை. அதை ஈபேர்ட் என்ற இணையதளத்தில் ஏற்றுகிறேன். என்னைப் போன்ற சாதாரண ஆட்கள் எழுதிய குறிப்புகள்தான் 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கைக்கு ஆதாரம். 30,000க்கு மேற்பட்ட பறவை நோக்கர்களின் சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். மயிலும் குயிலும் பெருகி வருவது அதில் தெரிந்தது. அதற்கு முந்தைய 2020 அறிக்கையில், சிட்டுக்குருவி நாடு முழுவதும் பார்த்தால் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது என்றும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்து வருகிறது என்றும் தெரியவந்தது. "செல்போன் டவரால் குருவியே அழிஞ்சு போச்சு" என்று டீக்கடையில் பேசுவதைவிட, நம் தெருவில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவது மேல் இல்லீங்களா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் பொங்கலையொட்டி 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகமே சேர்ந்து நான்கு நாள் பறவைகளை எண்ணுகிறது. அதில் கல்லூரி வளாகங்களுக்கென்றே தனியாக ஒரு கணக்கெடுப்பு உண்டு. பதினைந்து நிமிடம் நின்று பார்த்து எழுதினால் போதும். நம் கல்லூரியின் வேப்பமரங்களில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று நாம் படித்த காலத்தில் யாரும் எழுதிவைக்கவில்லை. அதனால் எது வந்தது, எது போனது என்று இன்று சொல்ல ஆளில்லை. வருகிற பிப்ரவரியில் மாணவர்கள் ஒரு நோட்டைத் தொடங்குங்கள். முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் இரண்டு பைனாகுலர் வாங்கித் தருவோம். ஒன்றுக்கு நான் பொறுப்பு. இன்னொன்றுக்கு என் வகுப்புத் தோழர்கள் இங்கேயே கை தூக்கலாம். அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டின் முதல் பக்கத்தை ஒரு மாணவரோ மாணவியோ இந்த மேடையில் படித்துக் காட்ட வேண்டும்.