ஜூபிலியும் நிலமும்
(ஜூபிலி விழாவில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி என்றதும் நமக்கு மேளமும் தோரணமும் விருந்தும் நினைவுக்கு வருகின்றன. பழைய ஏற்பாட்டிலோ, நிலத்தை இழந்தவனுக்கு அது திரும்பக் கிடைக்கும் ஆண்டே ஜூபிலி (லேவியர் 25). ஆகவே இன்று நிலத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

1977 ஆகஸ்டில் இலங்கையில் இனக்கலவரம் மூண்டது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் பல, உயிருக்கு அஞ்சி வவுனியாப் பக்கம் வந்து சேர்ந்தன. கட்டடக் கலைஞர் டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோர் நடத்திய காந்தியம் இயக்கம் அவர்களுக்குச் சோறு மட்டும் போட்டு அனுப்பிவிடவில்லை. நாவலர், கென்ட், டொலர் முதலிய பண்ணைகளில் குடியமர்த்தியது. அகதிகளாக வந்தவர்கள் அங்கே உழவர்கள் ஆனார்கள். பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளிகளும் ஏற்பட்டன.

1983 ஏப்ரலில், போராளிகளுக்கு உதவியதாகக் குற்றஞ்சாட்டி இருவரையும் அரசு கைது செய்தது. ஜூலை 27-ல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984-ல் கென்ட், டொலர் பண்ணைகளிலிருந்த தமிழர்கள் வெளியேற்றப்பட்டு, சிங்களக் கைதிகள் குடும்பத்தோடு அங்கே குடியேற்றப்பட்டனர். நவம்பர் 30-ல் புலிகள் தாக்கியதில் அவர்களிலும் பலர் மாண்டனர். ஏழைகள் பயிர் செய்த மண் இரு தரப்பின் இரத்தத்தையும் குடித்தது.

நம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் முகாமிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். அரிசி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "சாமி, கோயிலுக்குப் பின்னால நிலம் சும்மாதானே கிடக்கு? நாலு பாத்தி கட்டிக் கீரை போட்டுக்கலாமா?" என்று கேட்டார். "பார்க்கலாம்" என்றேன். இன்றுவரை பார்க்கவில்லை. அது என் குற்றம்.

நீங்கள் நெசவு தெரிந்தவர்கள். தறி இல்லாதவன் கையில் பட்டு நூலைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? நிலமில்லாத உழவனுக்கு நாம் தரும் அரிசியும் ஒருவேளைப் பசியைத்தான் தீர்க்கும்.

ஜூபிலி நினைவாகக் கோயில் முகப்பில் வளைவு கட்ட நிதி சேர்த்திருக்கிறோம். வளைவு ஓராண்டு பொறுக்கட்டும். முதலில் அந்தத் தரிசைத் திருத்துவோம். கிணற்றைத் தூர் வாருவோம். முகாம் குடும்பங்களும் நம் பங்கின் ஏழைக் குடும்பங்களும் சேர்ந்து பயிரிடட்டும். அதை எழுத்திலும் எழுதிக் கொடுப்போம். நாளை வேறொரு பங்குத் தந்தை வந்தாலும், விளைந்த பாத்தியை விட்டு எவரும் விரட்டப்படக் கூடாது.

அதுவே நம் உண்மையான ஜூபிலி. இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.