தலையெழுத்தும் நஷ்டஈடும்
(திருமலைராயன்பட்டினத்தில் பேசியதன் சுருக்கம்)



நாகப்பட்டினம் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் போனவர் லாரி மோதிச் செத்தால் நாம் என்ன சொல்லுகிறோம்? "தலையெழுத்து" என்கிறோம். லாரிக்காரர் நீட்டும் ஐம்பதாயிரத்தை வாங்கிக்கொண்டு கைநாட்டு வைக்கிறோம். அதிலும் பாதியைச் சாந்திக்கும் கருமாதிக்கும் கொட்டியழுகிறோம்.

சட்டம் தலையெழுத்தைப் பார்ப்பதில்லை, கணக்குப் பார்க்கிறது. லாரிக்காரர் மேல் தப்பிருந்தால் 1988ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி நஷ்டஈடு கேட்கலாம். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் கம்பெனி கொடுக்க வேண்டும். செத்தவருக்கு வயது 32, மாத வரும்படி 15,000 ரூபாய், மனைவியும் இரண்டு குழந்தைகளும் என்று வையுங்கள். 2009ல் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த முறைப்படி, அவர் சொந்தச் செலவுக்கு மூன்றிலொரு பாகம் தள்ளினால் வருஷத்துக்கு 1,20,000. அதை 16ஆல் பெருக்கினால் 19,20,000 ரூபாய். வருங்கால வரும்படி உயர்வைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஐம்பதாயிரம் எங்கே, இது எங்கே?

செத்தது பெண்ணானால், "வீட்டில் சும்மா இருந்தவள்தானே" என்பார்கள். சமைத்து, தண்ணீர் சுமந்து, பிள்ளை வளர்த்தவளா சும்மா இருந்தவள்? அவள் வேலைக்கும் வரும்படி மதிப்புப் போடவேண்டுமென்று 2021ல் அதே கோர்ட்டு சொல்லிற்று. நம் ஆண்பிள்ளைகள்தான் இன்னும் ஒப்பவில்லை.

மோதிய வண்டி தெரியாமல் ஓடிவிட்டாலும், 2022 முதல் சாவுக்கு 2,00,000 ரூபாய் சர்க்கார் திட்டத்தில் உண்டு.

ஆனால், கோர்ட்டில் மனுப் போட ஆறு மாதமென்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. வருஷத் திவசம் கழியட்டும் என்று உட்காராமல், போலீசில் எழுதிய எப்.ஐ.ஆர். நகலை முதலில் கேட்டு வாங்குங்கள்.