ரவுட்டர் வாங்கப் போறீங்களா?
(தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் தாய்மார் கூட்டத்தில் பேசியது)



2020இல் பள்ளிக்கூடங்கள் மூடினப்போ நம்ம பிள்ளைகள் சிக்னல் தேடி மலை ஏறினது மறந்திருக்காது. இப்போ, அண்ணன் தம்பி சேர்ந்து ரெண்டு காம்பராவுக்கும் ஒரு ரவுட்டர் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் நான் பட்டதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

விலை குறைவென்று டவுனில் ஒன்று வாங்கினேன். அது ஒரே கம்பனி சிம்முக்குத்தான் வேலை செய்யுமாம். அந்தச் சிக்னல் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டியும் பார்க்காது! காசு போனது போனதுதான். ஆகவே முதலில் உங்கள் இஸ்தோப்பில் எந்தச் சிம் நன்றாக இழுக்கிறதென்று போனிலேயே பாருங்கள். பிறகு எந்தச் சிம்மும் போடக்கூடிய 4ஜி ரவுட்டராகக் கேளுங்கள். சிம் போட இடமில்லாத ரவுட்டர், லைன் இழுக்காத வீட்டுக்கு வெறும் பெட்டிதான்.

5 கிகாஹெர்ட்ஸ் வேகமென்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான், ஆனால் சுவர் தாண்டினால் மெலிந்துபோகும். அடுத்த காம்பராவுக்கு 2.4தான் கைகொடுக்கும். இரண்டும் உள்ளது நல்லது. ஜன்னலோரம் உயரத்தில் வையுங்கள், தகரத்தை ஒட்டி வேண்டாம்.

சண்டை வருவது டேட்டாவில். ஒரே பானைச் சோறுதானே! மாமா ராத்திரி முழுக்கப் படம் பார்த்தால், ஓ.எல். எழுதும் பிள்ளைக்கு விடியும்போது பாடம் இல்லை. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். சிம் யார் பேரிலோ, பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

கூட்டம் முடிந்ததும் போனோடு வாங்க, உங்க லயத்திலேயே சிக்னல் பார்ப்போம்.