தேதி குறித்த ஆபரேஷனுக்கு முன்னால் கணவனும் மனைவியும் அறிய வேண்டியது

ஆபரேஷனில் இரண்டு வகை உண்டு. ஒன்று அவசர ஆபரேஷன். குடல்வால் வெடித்துவிட்டது, பிரசவத்தில் குழந்தை குறுக்கே கிடக்கிறது என்றால் டாக்டர் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க மாட்டார். மற்றொன்று தேதி குறித்துச் செய்வது. குடும்ப நல ஆபரேஷன், குடலிறக்கம், கர்ப்பப்பை எடுப்பது, மூட்டு மாற்றுவது, முன்கூட்டியே முடிவு செய்த சிசேரியன் எல்லாம் இந்த வகை. இதில் நமக்குச் சில நாள் கையில் இருக்கிறது. அந்த நாட்களில் என்ன செய்கிறோம்? நல்ல நாள் பார்க்கிறோம். துணைக்கு யார் வருவார் என்று பார்க்கிறோம். பீடிக் கடையில் சொல்லி வைக்கிறோம். ஆனால் நம் உடம்போடு சேர்ந்து என்ன கிருமி ஆஸ்பத்திரிக்கு வருகிறது என்று பார்க்கிறோமா? அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

நம் உடம்பில் குடியிருக்கும் கிருமிகள்

"மேலுக்கு ஒண்ணுமில்லையே சார், நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எங்கேயிருந்து கிருமி?" என்று நீங்கள் கேட்கலாம். நோய் இல்லாதவர் உடம்பிலும் கிருமிகள் உண்டு. தோலில் உண்டு, மூக்கில் உண்டு, குடலில் உண்டு. ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி வகையில் ஒன்று, ஆரோக்கியமாக நடமாடும் பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர் மூக்கில் இருக்கிறது. அங்கே இருக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. கத்தி வைத்த இடத்தின் வழியாக உள்ளே புகுந்தால்தான் புண் சீழ் பிடிக்கும், தையல் விடும், காய்ச்சல் வரும்.

புண்ணில் சீழ் வைத்தால் ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்து ஆற்றிவிடலாம். ஆனால் அந்தக் கிருமி மருந்துக்கு அடங்காததாக இருந்தால்? மூன்று நாளில் வீடு திரும்ப வேண்டிய தாய் மூன்று வாரம் படுக்கையில் கிடப்பாள். கைக்குழந்தை வீட்டில் பாலுக்கு அழும். விலை கூடிய மருந்து தேவைப்படும். சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும்.

மருந்துக்கு அடங்காமல் போனது எப்படி?

வயல் வேலை செய்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். புகையான் விழுந்த நெல்லுக்கு ஒரே மருந்தையே வருஷா வருஷம் அடித்தால் என்ன ஆகிறது? மருந்துக்குத் தாங்காத பூச்சி சாகிறது. தாங்கிய பூச்சி குஞ்சு பொரித்துப் பெருகுகிறது. பிறகு அதே மருந்தை எவ்வளவு அடித்தாலும் அசையாது. கிருமியும் அப்படித்தான்.

பென்சிலினை 1928-ல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு வாங்கியபோதே இந்த ஆபத்தைச் சொல்லி எச்சரித்தார். அளவு குறைத்து மருந்து சாப்பிட்டால் கிருமி பழகிக்கொள்ளும் என்றார். அதுபோலவே நடந்தது. 1959-ல் மெதிசிலின் என்ற புது மருந்து வந்தது. 1961-லேயே அதற்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியை இங்கிலாந்தில் கண்டார்கள். அதைத்தான் எம்.ஆர்.எஸ்.ஏ. என்கிறார்கள்.

"அது சீமையில் உள்ள சங்கதி" என்று விட்டுவிட முடியாது. 2010-ல் வெளியான ஆராய்ச்சியில், கடைசிக் கையிருப்பாக டாக்டர்கள் வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துக்கும் அடங்காத கிருமிகள் நம் சென்னையிலேயே 44 மாதிரிகளில் இருந்தது தெரியவந்தது. இவை பெரும்பாலும் குடலில் வாழும் கிருமிகள். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் வந்து சிகிச்சை பெற்றுப் போன சிலரிடமும் இங்கிலாந்தில் இதே வகைக் கிருமியைக் கண்டார்கள். 2012-ல் நாட்டின் மருத்துவ சங்கங்கள் பலவும் சென்னையில் கூடி, இதைத் தடுக்கச் செய்ய வேண்டியதை எழுதி வெளியிட்டன. அதற்குச் சென்னைப் பிரகடனம் என்று பெயர்.

மூக்கில் பஞ்சுக் குச்சி எதற்கு?

ஆபரேஷனுக்கு முன் சில நோயாளிகளுக்கு மூக்கின் உள்ளே பஞ்சுக் குச்சியால் லேசாகத் துடைத்து எடுப்பார்கள். சிலருக்கு அக்குளில், தொடை இடுக்கில், ஆசனவாயிலும் எடுப்பதுண்டு. வலி கிடையாது. ரத்தம் வராது. அந்தக் குச்சியைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பி, கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள். எந்த மருந்துக்கு அடங்குகிறது, எதற்கு அடங்கவில்லை என்று தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால்தான் ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி போய் நின்றால் போதாது. வரச் சொன்ன தேதியில் வர வேண்டும்.

இந்தச் சோதனை எல்லோருக்கும் வேண்டுமா? வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 2009 ஏப்ரல் முதல், தேதி குறித்து ஆஸ்பத்திரியில் சேரும் எல்லோரையும் எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்குச் சோதித்தார்கள். 2014-ல் அதை மாற்றி, ஆபத்து அதிகம் உள்ளவர்களைச் சோதித்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். ஆரோக்கியமான பெண் குடும்ப நல ஆபரேஷனுக்குப் போகும்போது பொதுவாக இது தேவைப்படாது. இருதய ஆபரேஷன், மூட்டு மாற்றும் ஆபரேஷன் செய்துகொள்பவர், சமீபத்தில் ஆஸ்பத்திரியில் பல நாள் தங்கியவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர், ஆறாத புண் உள்ளவர், முன்பே இந்தக் கிருமி இருப்பதாகச் சொல்லப்பட்டவர் ஆகியோருக்குத் தேவையா என்று டாக்டர் தீர்மானிப்பார். அவர் தீர்மானிக்க வேண்டுமென்றால் நாம் உண்மையைச் சொல்ல வேண்டும். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும், கேரளாவுக்கு வேலைக்குப் போன இடத்தில் படுத்திருந்தாலும் பழைய சீட்டைக் கொண்டுவந்து காட்டுங்கள்.

கிருமி இருக்கிறது என்று வந்தால்

பயப்பட வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். இருக்கிறது என்றால் நோய் என்று அர்த்தமில்லை. இது தவறான நடத்தையால் வந்ததும் அல்ல. "உன்னாலேதான் வந்தது" என்று கணவனும் மனைவியும் சண்டை பிடிக்க இதில் ஒன்றுமில்லை. கை வழியாக, துண்டு வழியாக, ஆஸ்பத்திரிக் கட்டில் வழியாக யாருக்கும் வரும்.

மூக்கில் உள்ள கிருமிக்கு, மூக்கினுள் தடவும் மூபிரோசின் களிம்பும், கிருமிநாசினி கலந்த குளியலும் பெரும்பாலும் ஐந்து நாளுக்குச் சொல்வார்கள். குடலில் உள்ள கிருமியை விரட்டத் தனி மருந்து கொடுப்பதில்லை. ஆனால் அது இருப்பது தெரிந்தால், கட்டிலை எங்கே போடுவது, பிறகு காய்ச்சல் கண்டால் எந்த மருந்தைக் கையில் எடுப்பது என்று டாக்டர் யோசித்து வைக்க முடியும்.

வீட்டில் நாம் செய்வது

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மனைவிக்கு ஆபரேஷன் தேதி குறித்தாயிற்று. நாலு நாளைக்கு முன் ஜலதோஷம். கணவர் மருந்துக் கடைக்குப் போய், "சீக்கிரம் கேக்கிற மாதிரி ஒரு கேப்சூல் கொடுங்க" என்று வாங்கி வருகிறார். இரண்டு வேளை போட்டதும் சரியாகிவிட்டது, மீதி அலமாரியில். அன்பினால் செய்ததுதான். ஆனால் ஜலதோஷத்துக்கு அந்த மருந்து வேலை செய்யாது. அவள் உடம்பில் உள்ள அடங்கும் கிருமிகளைக் கொன்று, அடங்காததற்கு இடம் விட்டுத்தான் போகும். அந்த உடம்போடுதான் அவள் ஆபரேஷன் மேசையில் படுக்கிறாள்.

அட்டையின் முதுகில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு போட்ட மருந்தை டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று மத்திய அரசு 2016-ல் நாடெங்கும் அறிவித்தது. எழுத்துப் படிக்காதவருக்கும் கோடு தெரியும். அந்தக் கோட்டைக் குழந்தைகளுக்கும் காட்டி வையுங்கள்.

இன்னொன்று. குற்றால சீசன் சமயத்தில், "மூலிகைத் தண்ணி, அருவியில ஒரு குளியல் போட்டா உடம்பு சுத்தமாயிரும்" என்று சொல்வார்கள். அருவித் தண்ணீர் மேல் எண்ணெயைப் போக்கும், மனசுக்கும் சுகம். மூக்கினுள் உள்ள கிருமியைப் போக்காது. ஆபரேஷனுக்கு முன் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் குளித்து, துவைத்து உலர்த்திய துணி உடுத்தினால் போதும். ஆபரேஷன் இடத்தில் முடியை வீட்டில் பிளேடால் சிரைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகக் கிருமி புகும். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் தந்த அறிவுரையும் இதுவே. முடியை எடுக்கத்தான் வேண்டுமென்றால் நர்சம்மா கிளிப்பரால் எடுப்பார்.

ஆபரேஷன் முடிந்த பிறகு, சீசனுக்கு வந்த சொந்தக்காரர் எல்லாம் ஒரே வேனில் பார்க்க வருவதும், கட்டிலில் உட்காருவதும் வேண்டாம். ஒருவர் போதும். அவரும் சோப்பால் கை கழுவிவிட்டுத் தொடட்டும். புண்ணில் மஞ்சள், விபூதி, எண்ணெய் எதுவும் வைக்காதீர்கள். புண் ஆறும்வரை அருவிக் குளியலும் கூடாது.

சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்களுக்கான குடும்ப நல ஆபரேஷன் கத்தியும் தையலும் இல்லாமல் சிறு துளை வழியாக முடிந்துவிடுகிறது. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். துளை சிறியதானால் கிருமி நுழையும் வாசலும் சிறியது. இதை இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

நினைவில் வைக்க

1. முன்பு ஆஸ்பத்திரியில் இருந்ததையும், சாப்பிட்ட மருந்துகளையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.
2. சிவப்புக் கோட்டு மருந்தைச் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். சீட்டில் எழுதிய நாள் வரை சாப்பிடுங்கள். மீதி வைத்து அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.
3. சோதனைக்குக் கூப்பிட்டால் தட்டாமல் போங்கள். முடிவு வரும்வரை பொறுங்கள்.
4. வீடு திரும்பிய பின் காய்ச்சல், சீழ், புண்ணைச் சுற்றிச் சிவப்பு, வலி கூடுதல் எது கண்டாலும் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கோ அன்றே வாருங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போடுவது குடியானவன் புத்தி. தேதி குறித்த ஆபரேஷனுக்கும் அதே புத்தி போதும். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்து கேளுங்கள்.