மலைக்குப் போன ஒரு பகல்

"மலைக்குப் போகிறேன்" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் மனத்திலே யாது தோன்றும்? யாத்திரை தோன்றலாம், விடுமுறை தோன்றலாம், குளிரும் அருவியும் தோன்றலாம். ஆனால், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தோருக்கு இத்தொடரின் பொருள் வேறு. அங்கே மலை என்பது தேயிலை நிரை நிரையாக நிற்கும் வேலை நிலம். ஒவ்வொரு மலைக்கும் ஓர் இலக்கம் உண்டு. விடியலிலே பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, கங்காணி காட்டிய மலைக்குக் கூடையோடு ஏறுவதே அவர்களுக்கு மலைக்குப் போதல். போகாத நாளுக்குப் பெயர் விழாது. பெயர் விழாத நாளுக்குக் கூலியும் இல்லை.

இந்தப் பொருளிலே அச்சொல்லை இன்றும் வழங்கும் முதியோர், மலையே இல்லாத ஒரு நாட்டில் வாழ்கின்றனர் என்பது வியப்புக்குரியது. அந்த நாடு வன்னி. வவுனியா வடக்கிலே வெடுக்குநாறி மலை, முல்லைத்தீவிலே குருந்தூர் மலை எனக் காட்டின் நடுவே சில பாறைக் குன்றுகள் உண்டு. மற்றையவெல்லாம் குளமும் வயலும் காடுமான சமவெளி. கிளிநொச்சியைச் சூழ்ந்த மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் முதலிய ஊர்களிலே, மண் சுவருக்கும் கல் வீட்டுக்கும் இடைப்பட்ட பல நிலைகளில், மலையகத்திலிருந்து இறங்கிவந்த குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன.

அவர்கள் இறங்கியதற்குக் காரணம் ஒன்றன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனத் தலை எண்ணிப் பங்கிட்டது. 1973, 1974 ஆம் ஆண்டுகளிலே உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பட்டினியில் ஆழ்த்தியது. 1977 ஆம் ஆண்டு ஆகஸ்டுக் கலவரம், எஞ்சியிருந்த நம்பிக்கையையும் பலரிடமிருந்து பறித்தது. வவுனியாவிலே டேவிட் என்னும் கட்டடக் கலைஞரும் இராசசுந்தரம் என்னும் மருத்துவரும் நடத்திய காந்தீயம் இயக்கம், வந்தவர்களுட் பலருக்குக் காணியும் கருவியும் கொடுத்துக் குடியமர்த்தியது. அந்த மருத்துவர் 1983 ஆம் ஆண்டு ஜூலையிலே வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். டொலர் பாம், கென்ற் பாம் ஆகிய பண்ணைகளிலே குடியேறியிருந்தோர் மறு ஆண்டு அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டனர்.

கிளிநொச்சியிலே இரணைமடுக் குளம் 1920 ஆம் ஆண்டிலே கட்டி முடிந்தது. அதன் நீர் பாயும் வயல்கள், பின்னர் வந்த இவர்களுக்குக் கிட்டவில்லை. வாய்க்காலுக்கு எட்டாத மேட்டு நிலமே இவர்களுடைய பங்கு. அதற்கும் உறுதி இல்லாமலே பல்லாண்டுகள் கழிந்தன. வயற்காரர் வீட்டிலே நாற்று நட்டும், களை பிடுங்கியும், அருவி வெட்டியும் காலம் ஓட்டினர். (அருவி வெட்டு என்பது வன்னியிலே நெல் அறுவடைக்குப் பெயர். மலையிலிருந்து வந்தவர்கள் முதன்முதல் இச்சொல்லைக் கேட்டபோது, அருவியை எவ்வாறு வெட்டுவது என்று திகைத்திருப்பார்கள்.)

இத்தகைய மூதாட்டியர் பலருள் ஒருத்தியை நேயர்கள் மனத்திலே வரைந்துகொள்ளலாம். பெயர் வேண்டுவதில்லை. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே பிறந்து, 1977 இலே கைக்குழந்தையோடு வவுனியா வந்து, பின்பு கிளிநொச்சியிலே குடிசை போட்டவள். தன் தாயின் தாயை அவள் "அம்மாயி" என்று அழைத்து வளர்ந்தாள். அவளுடைய பேத்தியோ, வன்னிப் பள்ளியிலே படித்த பிள்ளை; அவளை "அம்மம்மா" என்கிறாள். ஒரே உறவு, சொல் மாறிவிட்டது. கிழவி அதைத் திருத்த முயன்றதில்லை.

ஆடி மாதத்திலே வன்னியில் கச்சான் காற்று வீசும். புழுதியை வாரி வீட்டினுள்ளே இறைத்து, கிணற்று நீரை அடிக்கு இறக்கிவிடும் காற்று அது. தென்மேற்குப் பருவக் காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, வெறுங்கையோடும் வெப்பத்தோடும் வடகிழக்குச் சமவெளியிலே வந்து இறங்குவதுதான் கச்சான். பூமி நூல் படித்த பேத்தி இதனைப் படம் வரைந்து விளக்குவாள். படிக்காத கிழவியோ, திண்ணையிலே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "அங்கே இப்போது மழை கொட்டும்" என்பாள். இருவரும் சொல்வது ஒன்றே.

சித்திரை விடுமுறையிலே ஒருமுறை பேத்தி கேட்டாள்: "அம்மம்மா, ஒரு நாளைக்கு மலைக்குப் போவமே?" கிழவி சிரித்தாள். "இந்த வயசுல எனக்கு யாரு பேர் போடுவா?" என்றாள். பேத்திக்கு அந்த விடையின் பொருள் உடனே விளங்கவில்லை. ஆயினும் இருவரும் புறப்பட்டனர்.

கிளிநொச்சியிலிருந்து புறப்படும் புகையிரதப் பாதை, பொல்காவலைச் சந்தியிலே மலைநாட்டுப் பாதையோடு கூடுகின்றது. கிழவி 1977 இலே வந்ததும் அவ்வழியேதான். வவுனியாவுக்கு வடக்கே 1990 ஆம் ஆண்டு போரினால் நின்றுபோன புகையிரதம், 2013 ஆம் ஆண்டு செப்டெம்பரிலேதான் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தது. இடையிலே எத்தனை ஓட்டம்! 2009 இலே வன்னி மக்களோடு மக்களாக முல்லைத்தீவுக் கடற்கரைவரை சென்று, உயிரோடு மீண்டு, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே கம்பி வேலிக்குள்ளே பல மாதம் இருந்தவள் அவள். அம்முகாம், மன்னாரிலிருந்து மதவாச்சி செல்லும் வீதியின் பக்கத்தே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, தமிழகத்திலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கிய கூலிமக்கள், மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்றதும் அப்பக்கத்துக் காடுகளின் ஊடாகத்தான். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே விழுந்தோர் பல்லாயிரவர். 2023 ஆம் ஆண்டிலே, மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவுற்றதன் நினைவாகப் பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அவ்வழியை நடந்தே கடந்தனர். முகாமிலிருந்த நாளிலே கிழவிக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க நியாயமில்லை. தண்ணீர் வரிசையிலே நிற்பதற்கே நேரம் போதவில்லை.

வண்டி கடுகண்ணாவை ஏறி, நாவலப்பிட்டியைக் கடந்து, அட்டனைத் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்தினுள் நுழைந்தபோது, கிழவி பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டாள். இருள் நீங்கியதும் இருபுறமும் பச்சை. கொட்டகலைக்கு அப்பால், யன்னலோரம் எழுந்து நின்று, சென் கிளேயர் அருவியைத் தேடினாள். அருவி இருந்தது; ஆனால், அவள் நினைவில் இருந்த அளவு நீர் அதில் இல்லை. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012 இலே தொடங்கியபின், ஆற்றின் பெரும்பங்கு மலையின் வயிற்றிலே குடைந்த சுரங்கத்தின் வழியே போகின்றது. நாட்டுக்கு 150 மெகாவாற்று மின்சாரம் கிடைக்கின்றது. கிழவி இருக்கையிலே அமர்ந்துகொண்டு, "இதுவும் என்னைப் போல வத்திப் போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிரவு உறவினர் ஒருவரின் லயத்து அறையிலே தங்கினர். மறுநாட் காலை வானிலே ஒரு முகிலும் இல்லை. வெயில் கண்ணாடிபோல் விழுந்தது. தொலைவிலே, ஏழாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த கிரேட் வெஸ்டர்ன் மலை, தன் மடிப்புகளெல்லாம் தெரிய நின்றது. வன்னி வெயில் உடலைத் தாக்கும். இவ்வெயிலோ தோளிலே கை வைப்பதுபோல் இருந்தது. பேத்தி நெடுநேரம் அதிலே நின்றாள். கிழவி மட்டும் ஐந்து மணிக்கே எழுந்து, முகம் கழுவி, சேலையை ஏறக் கட்டிக்கொண்டு வாசலிலே அமர்ந்திருந்தாள்.

இருவரும் ஏறினர். சப்பாத்து அணிந்த பேத்தி இரண்டு இடத்திலே வழுக்கினாள். வெறுங்காலோடு ஏறிய கிழவியின் பாதம், நிரைகளுக்கு இடையே உள்ள ஒற்றையடிப் பாதையைக் கண்ணின் உதவியின்றியே கண்டுகொண்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சேற்றிலும் மணலிலும் நடந்த கால் அது. மேலே செல்லச் செல்ல, அவளுடைய கை தானாகவே பக்கத்துச் செடிக்குப் போயிற்று. இரண்டு இலையும் ஒரு கொழுந்தும். ஒடித்து, உள்ளங்கையிலே வைத்துக்கொண்டாள்; போட்டுவைக்கக் கூடையில்லை. அப்பால் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இவர்களைப் பார்த்துச் சிரித்தனர். "எந்த ஊரு பாட்டி?" என்று ஒருத்தி கேட்டாள். "இந்த ஊருதான்" என்று சொல்ல வாயெடுத்தவள், சற்றே நின்று, "கிளிநொச்சி" என்றாள்.

மலை உச்சிக்கு அண்மையிலே ஒரு பாறை. அதிலே இருவரும் அமர்ந்து, கட்டிக்கொண்டு வந்த ரொட்டியும் சம்பலும் உண்டனர். பேத்தி கேட்டாள்: "இவ்வளவு குளிர்ச்சியான இடத்தை விட்டிட்டு ஏன் அங்க வந்தனீங்கள்?" கிழவி மென்று விழுங்கிவிட்டு, "குளிரைத் திங்க முடியுமா, புள்ளே?" என்றாள்.

அப்போது கீழ்ப் பாதையிலே ஒரு மோட்டார் சைக்கிளின் ஒலி கேட்டது. வேலை பார்க்கும் உத்தியோகத்தர் ஒருவர் மேலே வந்துகொண்டிருந்தார். கிழவி சட்டென எழுந்துவிட்டாள். கையிலிருந்த ரொட்டித் துண்டை மடியிலே மறைத்து, முந்தானையைச் சரிசெய்து, தலை குனிந்து நின்றாள். பேத்தி திகைத்துப்போய் அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பின்பு மெல்லக் கையைப் பிடித்து இழுத்தாள். "இருங்கோ அம்மம்மா. நாங்கள் வேலைக்கு வரேல்ல."

வந்தவர் இவர்களைத் திரும்பியும் பாராமல் கடந்து சென்றார். கிழவி அமர்ந்தாள். மடியிலிருந்த ரொட்டியை எடுத்தாள், ஆனால், உண்ணவில்லை. மலையிலே வெயில் காயும் நேரத்திலே அவள் அமர்ந்தது அவள் வாழ்நாளில் அதுவே முதன்முறை. பிறந்த மண்ணிலே இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும், அந்த மலையிலிருந்து கீழே உள்ள பள்ளத்தாக்கை அவள் ஒருமுறையேனும் ஆறுதலாகப் பார்த்ததில்லை. கண் எப்போதும் கொழுந்திலேதான். இப்போது பார்த்தாள். லயங்கள், கோயில், ஆறு, புகையிரதப் பாதை ஒவ்வொன்றாகப் பேத்திக்குச் சுட்டிக் காட்டினாள். பேத்தி அவற்றைக் கைபேசியிலே படம் எடுத்தாள். கிழவியையும் எடுத்தாள். படத்திலே கிழவி நிமிர்ந்து இருக்கிறாள். கையிலே அந்த ஒரு கொழுந்து.

இறங்கும் வழியிலே, தோட்டத்தின் மயானத்தைத் தேடினர். அவளுடைய தாய் 1974 இலே அங்கே அடக்கம் செய்யப்பட்டவள். கல் நாட்ட அன்று வசதி இல்லை. மரம் ஒன்றே அடையாளம். அந்த மரமும் வெட்டப்பட்டிருந்தது. உத்தேசமாக ஓரிடத்திலே நின்று, காற்றுக்கு மறைவாகப் பேத்தி தன் குடையை விரித்துப் பிடிக்க, கிழவி கற்பூரம் கொளுத்தினாள். "கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளியும் இருக்கலாம்" என்று சொல்லி, ஐந்து அடி தள்ளி இன்னொன்றும் கொளுத்தினாள்.

பிற்பகலிலே கிரேட் வெஸ்டர்ன் மலையின் தலையிலே முகில் ஏறியது. சித்திரை மாதத்து இடிமழை மலைநாட்டிலே அப்படித்தான் வரும். காலையிலே அதன் சுவடே இராது. பேத்திக்கு அந்த மழையிலே நனைய ஆசை. இன்னும் இரண்டு நாள் தங்கலாம் என்றாள், உறவினரும் வற்புறுத்தினர். கிழவி கைபேசியை வாங்கிக் கிளிநொச்சிக்குப் பேசினாள். அங்கே மழை பெய்ததா என்று கேட்டாள். இல்லை என்று மகள் சொன்னாள். கிணற்றிலே தண்ணீர் எவ்வளவு என்று கேட்டாள். வாசலில் நட்ட இரண்டு தென்னம்பிள்ளைக்கும் காலையிலே ஊற்றினாயா என்று கேட்டாள். மகள் ஊற்றியதாகச் சொன்னாள். ஆனால், சொன்ன விதம் கிழவிக்கு நம்பிக்கை தரவில்லை.

"நாளைக்கு முதல் வண்டி எத்தனை மணிக்கு?" என்றாள் பேத்தியிடம்.